இறுவட்டுப் போரில் தேர்ந்தவர் யார்?

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது நம்மவர் வழக்கு. நல்ல பண்டம் எவ்வாறேனும் விலைபோகும், தரங்குறைந்தது தானே கழிந்துபோகும் என்னும் நம்பிக்கை அவ்வழக்கின் அடியிலே கிடக்கின்றது. இதனையே இந்நாளிற் 'சந்தையின் தீர்ப்பு' என்னும் பெயரால் ஓதி வருகின்றார்கள். இரண்டு பண்டங்கள் போட்டியிட்டன, மக்கள் ஒன்றைத் தேர்ந்தார்கள், மற்றது மறைந்தது, ஆகவே எஞ்சி நின்றதே சிறந்தது. இவ்வாய்பாடு எத்துணை எளிதோ அத்துணை ஐயத்துக்குரியது. இதனை உரைத்துப் பார்ப்பதற்கு 2006 ஆம் ஆண்டிலிருந்து 2008 ஆம் ஆண்டுவரை நடந்த வாணிகப் போர் ஒன்று நல்ல உரைகல்லாகும். உயர்தெளிவுத் திரைப்படங்களை வீட்டிலே பார்ப்பதற்கென எழுந்த 'புளூ-ரே', 'எச்.டி. டிவிடி' என்னும் இருவகை இறுவட்டுகளுக்கிடையே நிகழ்ந்த போரையே கூறுகின்றேன்.

இலக்கியப் பகுதியிலே இறுவட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச்சுவடிகளைத் தேடிய வரலாற்றைப் பெருமையோடு படிப்பவர்கள் நாம். ஒரு கலைப்படைப்பு எந்தக் கலத்திலே காக்கப்படுகின்றது, அந்தக் கலத்தைத் தெரிவு செய்பவர் யார் என்னும் வினா நமக்குப் புறம்பானதன்று. ஓலையிலிருந்து கடதாசிக்கு ஏறாத நூல்கள் என்னவாயின என்பதனை நாம் அறிவோம். திரைப்படமும் இந்நூற்றாண்டின் ஒரு நூலே.

பொருதிய இரண்டும் உண்மையில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பாட்டுக் கேட்கும் பழைய இறுவட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நனோமீற்றர். டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நனோமீற்றர். அலைநீளம் குறுகக் குறுக, வட்டிலே பொறிக்கும் குழிகளையும் சிறிதாக்கலாம்; ஒரே பரப்பிற் கூடுதலாக எழுதலாம். தடித்த எழுத்தாணியை விட்டுக் கூரியதை எடுத்தாற் போல. நீல ஒளியைத் திண்மப் பொருளிலிருந்து பிறப்பிப்பதே நெடுங்காலம் கைகூடாதிருந்தது. யப்பானிலே அகசாகி, அமானோ என்னும் இருவரும், நிச்சியா என்னும் கொம்பனியிலே பணியாற்றிய நகமுராவும் கலியம் நைத்திரைட்டைக் கொண்டு நீல ஒளியை உமிழும் இருவாயியை ஆக்கினார்கள். 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு மூவருக்கும் அதற்காகவே கிடைத்தது. அதே பாதையிற் பிறந்ததுதான் 405 நனோமீற்றர் நீலஊதா லேசர். போரிட்ட இரு கட்சியினர் கையிலும் இருந்தது அந்த ஒரே ஆயுதம்.

வட்டின் அளவிலும் வேறுபாடில்லை. குறுக்களவு 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். எழுத்து எவ்வளவு ஆழத்திலே கிடக்கின்றது என்பதுதான் வேறுபாடு. எச்.டி. டிவிடியிலே அது டிவிடியிற் போலவே 0.6 மில்லிமீற்றர் ஆழத்திற் கிடந்தது. ஓர் அடுக்கு 15 ஜிகாபைற்று கொண்டது. புளூ-ரேயிலே மேற்பரப்புக்கு அருகே 0.1 மில்லிமீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது. ஓர் அடுக்கு 25 ஜிகாபைற்று கொள்ளும். முதலாவதை ஏற்கெனவே டிவிடி வார்த்த ஆலைகளிற் சிறிது மாற்றஞ்செய்து வார்த்துவிடலாம். இரண்டாவதற்குப் புதிய பொறிகள் வேண்டும். கீறல் படாதிருக்க மேலே வன்பூச்சும் வேண்டும். ஆயின் அதன் கொள்ளளவு பெரிது. சிக்கனம் ஒரு பக்கம், விசாலம் மறுபக்கம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. திரையிலே விழுந்த படமோ ஒன்றே. வோர்ணர் கொம்பனி தன் படங்களை இருவகையிலும் வெளியிட்ட காலத்திற் பெரும்பாலும் ஒரே குறியாக்கத்தையே இரண்டிலும் பதித்தது. நாற்காலியிற் சாய்ந்திருக்கும் இரசிகன் கண்ணால் இரண்டையும் வேறுபிரித்தறிய வழியிருக்கவில்லை.

அப்படியாயின் போர் ஏன் மூண்டது? விடை 1995 ஆம் ஆண்டிலே கிடக்கின்றது. டிவிடி பிறப்பதற்கு முன்னரும் இதேபோன்ற இரு கட்சிகள் இருந்தன. சோனியும் பிலிப்சும் ஒரு முறையை வைத்திருந்தன. தொஷிபாவும் அதன் நண்பர்களும் மற்றொன்றை வைத்திருந்தனர். அப்பொழுது ஐ.பி.எம்., அப்பிள், மைக்ரோசொப்ட் முதலிய கணினிக் கொம்பனிகள் ஒன்றுகூடி, 'நீங்கள் இணையும்வரை உங்கள் இரண்டையும் நாங்கள் தொடமாட்டோம்' என்னும் நிலையிலே நின்றன. வேறு வழியின்றி இரு கட்சியினரும் இணங்கினார்கள். 0.6 மில்லிமீற்றர்த் தகடுகள் இரண்டை ஒட்டும் அமைப்பைத் தொஷிபா பக்கம் கொடுத்தது. குறிமாற்றும் முறையைச் சோனியும் பிலிப்சும் கொடுத்தன. அந்த இணக்கத்தின் பயனை உலகம் அறியும். எந்தக் கடையில் வாங்கிய டிவிடியும் எந்தக் கொம்பனியின் பிளேயரிலும் ஓடிற்று. கொள்வோர் மிகப்பெரிய வலிமை பெற்றிருந்தார்கள் என்பதற்கு இதுவே சான்று. ஆயின் அக்கொள்வோர் நீங்களும் நானுமல்லர். மலைபோன்ற கொம்பனிகள்.

2002 பெப்ரவரியில் ஒன்பது கொம்பனிகள் புளூ-ரேயை அறிவித்தன. அவ்வாண்டிலேயே தொஷிபாவும் என்.ஈ.சி.யும் தமது முறையை முன்வைத்தன. டிவிடி மன்றம் அதனை எச்.டி. டிவிடி என்னும் பெயரால் ஏற்றுக்கொண்டது. 2005 ஆம் ஆண்டிலே இரண்டையும் இணைக்கப் பேசிப் பார்த்தார்கள். 0.1 மில்லிமீற்றரா, 0.6 மில்லிமீற்றரா என்னும் இடத்திலே பேச்சு முறிந்தது. ஒரு மயிரிழையின் பேதம் போலத் தோன்றும் இந்த அரை மில்லிமீற்றருக்குள்ளே காப்புரிமைப் பணம் கிடந்தது என்பதனை மறத்தலாகாது. உலகில் விற்கும் ஒவ்வொரு பிளேயருக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் சிறுதொகை யாருக்கோ போய்ச் சேரும். விட்டுக்கொடுப்பவர் அதனை இழப்பார்.

2006 ஏப்பிரலில் தொஷிபாவின் பிளேயர் அமெரிக்காவிலே 499 டொலருக்கு வந்தது. ஜூன் மாதத்திற் சாம்சுங் கொம்பனியின் புளூ-ரே பிளேயர் 999 டொலருக்கு வந்தது. விலை மட்டுமே தீர்மானிப்பதாயின் போர் அன்றே முடிந்திருக்கும். முடியவில்லை, ஏனெனில் வெறும் பிளேயரை எவரும் வாங்குவதில்லை, படத்தைப் பார்க்கவே வாங்குகின்றனர். படங்களோ கட்சி பிரிந்து நின்றன. சோனி 1989 ஆம் ஆண்டிலேயே கொலம்பியாப் படக் கொம்பனியை விலைக்கு வாங்கியிருந்தது. ஆகவே அதன் படங்கள் புளூ-ரேயில் மட்டும். டிஸ்னியும் பொக்சும் அவ்வாறே. யூனிவேர்சல் எச்.டி. டிவிடியில் மட்டும். (பீற்றாமக்ஸ் வீடியோப் பொறிக்காக 1976 ஆம் ஆண்டிலே சோனிமீது வழக்குத் தொடுத்து, 1984 ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்திலே தோற்றதும் இதே யூனிவேர்சல்தான். பழைய பகை என்று நான் சொல்லவில்லை. வாசகர் விரும்பினால் எண்ணிக்கொள்ளலாம்.) வோர்ணரும் பரமவுண்டும் இரு தோணியிலும் காலை வைத்திருந்தன. 2007 ஓகஸ்டிலே பரமவுண்டும் ட்றீம்வேர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டிவிடிப் பக்கம் முழுமையாகச் சாய்ந்தன. இரண்டுக்குமாக ஏறத்தாழ 15 கோடி டொலர் கைமாறியது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அந்நாட்களில் எழுதின. இதனையும் 'சந்தையின் தீர்ப்பு' என்றே அழைப்பதா?

சோனியின் பக்கத்திலும் தந்திரத்துக்குக் குறைவில்லை. 2006 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுப் பொறியினுள்ளே புளூ-ரேயை இயக்கும் கருவியை வைத்துக் கட்டி, அடக்கவிலைக்கும் குறைவாக விற்றது. பையன் விளையாடுவதற்கென்று தகப்பன் வாங்கிய பெட்டி, கணக்கிலே ஒரு புளூ-ரே வீடாக ஏறிற்று. மைக்ரோசொப்டோ தன் எக்ஸ்பொக்ஸ் 360 பொறிக்கு எச்.டி. டிவிடிக் கருவியைத் தனியாக 199 டொலருக்கு விற்றது. வேண்டியவர் மட்டும் வாங்கலாம் என்னும் நேர்மை அதிலே இருந்தது. வேண்டியவர் சிலரே.

2007 நவம்பரில் வோல்மார்ட் கடைகளில் எச்.டி. டிவிடி பிளேயரொன்று 100 டொலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. வாங்கியவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாங்கினார்கள். மக்கள் தேர்வு என்று ஒன்றைச் சுட்டுவதாயின் அந்த நாளையன்றோ சுட்டவேண்டும்? ஆயின் ஏறத்தாழ இரண்டு மாதமே சென்றது. 2008 ஜனவரி 4 ஆம் நாள், லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி தொடங்கவிருந்த வேளையில், இனிமேல் புளூ-ரே மட்டுமே என்று வோர்ணர் அறிவித்தது. எச்.டி. டிவிடிக் கட்சியார் கண்காட்சியிலே நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை நிறுத்திவிட்டனர். பெப்ரவரி 11 இல் நெற்பிளிக்ஸ், பெஸ்ட் பை; 15 இல் வோல்மார்ட்; ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். பெப்ரவரி 19 இல் தொஷிபா உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வோர்ணர் வாய்திறந்த நாளிலிருந்து எண்ணினால் 46 நாள். இந்த 46 நாளில் இரசிகரின் சுவை மாறிவிட்டதா? வட்டின் தன்மை மாறிவிட்டதா? மாறியது ஒரு படக் கொம்பனியின் முடிவு ஒன்றே.

2007 ஆம் ஆண்டு வட்டு விற்பனையிற் புளூ-ரேயே முன்னின்றது, வோர்ணர் அந்தப் போக்கைப் பின்பற்றியதேயன்றி உண்டாக்கவில்லை என்று மறுப்பாருளர். இம்மறுப்பிலே பாதி உண்மை உண்டு. விற்பனை அவ்வாறே இருந்தது. ஆனால் அந்த முன்னிலை எங்கிருந்து வந்தது? விளையாட்டுப் பெட்டிக்குள் ஒளிந்து வீடுபுகுந்த கருவியிலிருந்தும், வேறிடத்திற் கிடைக்காத படங்களிலிருந்தும் வந்தது. மிகப் பெரும்பாலான மக்களோ இரண்டையும் வாங்காமல், பழைய டிவிடியோடு அமைந்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்தது காத்திருத்தலை. அதனை நான் அறியாமை என்று கொள்ளவில்லை. விற்றவர் எவரையும்விட அவர்களே தெளிவாகச் சிந்தித்தார்கள் என்பேன்.

போட்டியால் விலை வீழ்ந்தது நன்மையன்றோ என்று கேட்பவர்க்கும் ஒரு சொல். வீழ்ந்த விலைக்குப் பிளேயரை வாங்கியவன் கையிலே மூன்று மாதத்தில் எஞ்சியது, புதுப்படம் வராத பெட்டி. நட்டத்துக்கு விற்ற கொம்பனி அந்த நட்டத்தைக் கணக்கிலே கழித்துவிட்டு, 2009 ஆம் ஆண்டிலே தானும் புளூ-ரே செய்வதாக அறிவித்தது. சோனியும் பீற்றாமக்சை மூட்டிய போரில் இளைத்து 1988 ஆம் ஆண்டிலே வீ.எச்.எஸ். பொறி செய்யப் புகுந்ததல்லவா? பெருங்கொம்பனி கட்சி மாறலாம். வாங்கி அடுக்கிய வட்டுகள் கட்சி மாறமாட்டா.

நம்மைத் தொடும் இடம் ஒன்று இதிலே உண்டு; அதனை எவரும் பேசக் கண்டிலேன். எச்.டி. டிவிடியிலே பிரதேசப் பூட்டு இல்லை. எந்த நாட்டில் வாங்கிய வட்டும் எந்த நாட்டுப் பிளேயரிலும் ஓடும். புளூ-ரேயோ உலகை மூன்றாகக் கூறிட்டது. கனடா அதில் ஏ. பிரித்தானியாவும் பிரான்சும் பீ. தென்னாசியாவாகிய நாம் சீ. ரொறன்ரோவிலுள்ள தமையன், இலண்டனிலுள்ள தமக்கை, யாழ்ப்பாணத்திலுள்ள தாய் என்று ஒரே குடும்பம் மூன்று பூட்டுக்குள் அகப்பட்டது. பூட்டில்லாத வட்டுகள் பல வந்தன என்பது உண்மையே. ஆயினும் பூட்டுவதா விடுவதா என்பது வெளியிடுபவர் விருப்பம். நின்றதே சிறந்தது என்பவர் இப்பண்பை எந்தத் தராசில் நிறுத்தார் என்று அறிய விரும்புகின்றேன். என் கணிப்பிலே கொள்ளளவிற் புளூ-ரே மேல். வாங்குவோன் உரிமையில் எச்.டி. டிவிடி மேல். வென்றவர்க்கு இரண்டாவதைப் பற்றிக் கவலை இருக்கவில்லை.

வென்றவரும் நெடுநாள் ஆளவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 2007 ஜனவரியிலேயே நெற்பிளிக்ஸ் இணையத்தின் வழியே படங்களை நேரே ஓடவிடத் தொடங்கிவிட்டது. 2019 இற் சாம்சுங் அமெரிக்காவுக்கான புளூ-ரே பிளேயர்களைக் கைவிட்டது. 2024 இற் பெஸ்ட் பை கடைகளிலிருந்து பட வட்டுகளே அகன்றன. 2025 பெப்ரவரியிற் பதிவுசெய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி நிறுத்தியது. இப்பொழுது இரசிகன் கையில் வட்டும் இல்லை. மாதச் சந்தாவே உண்டு. பட்டியலிலிருந்து ஒரு படம் மறைந்தால் அதனை யாரிடம் கேட்பது?

ஆகவே நமது பல்கலைக்கழக நூலகங்களிடமும் பொது நூலகங்களிடமும் நான் கேட்பது மிகச் சிறிது. திரைப்பட வட்டுகளைச் சேர்க்கும்பொழுது அவற்றை இயக்கும் பிளேயர் இரண்டையேனும், பழுதுபார்க்கும் கைந்நூலையும் உடன் சேர்த்து வையுங்கள், வீ.எச்.எஸ். நாடாவும் அதை ஓட்டிய 'டெக்'கும் இன்னும் வீடுகளிலே கிடக்கின்றன, கேட்டால் இலவசமாகவே தருவார்கள். எச்.டி. டிவிடி பிளேயரொன்று யாரிடமேனும் இருப்பின் அதனையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.