முன்சக்கரம் தூக்கப் பழகுவோம்

முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மிதிவண்டி ஓட்டும் பையனை நம் வீடுகளில் யாரும் பாராட்டுவதில்லை. ‘உருப்படாதவன்’ என்ற பட்டம்தான் கிடைக்கும். பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜொகூர் பாருவில், விடியாத நேரத்தில் சாலையில் ‘பாசிக்கால் லாஜாக்’ ஓட்டிய பதின்ம வயதினர் 8 பேர் கார் மோதி உயிரிழந்தனர். அந்த வழக்கு 2023 வரை நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்தது. மிதிவண்டியில் வித்தை காட்டுவது என்றாலே பிரேக்கைக் கழற்றிய வண்டியும் நடுச்சாலையும்தான் நம் மக்களின் மனக்கண்ணில் தோன்றுகின்றன.

ஆனால் முன்சக்கரத்தைத் தூக்குவது வெறும் வித்தை அன்று. மலைமிதிவண்டி ஓட்டுபவருக்கு அது அடிப்படைத் தேவை. கோலாலம்பூரில் படிக்கும் நமக்கு மிக அருகில் இருக்கும் காட்டுப்பாதை புக்கிட் கியாரா. அங்கே செம்மண் பாதையின் குறுக்கே வேர்கள் கிடக்கும். மழை பெய்தால் சோப்பு தடவியது போல் வழுக்கும். சிறு ஓடைப்பள்ளமோ விழுந்த மரமோ எதிர்ப்பட்டால், முன்சக்கரம் அதில் இடித்து நிற்கும். ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகப் பறப்பார். பெடலை மிதிக்காமல், உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளியே முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் சற்று தூரம் உருளத் தெரிந்தவர் அதைக் கடந்துவிடுவார். இதற்கு ‘மேனுவல்’ என்று பெயர். பெடலை மிதித்துத் தூக்கும் ‘வீலி’ வேறு, இது வேறு.

(புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போனபின், அங்கே பால்மரம் வெட்டிய நம்மவர் குடும்பங்கள் 1980களில் அடிவாரத்து நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீட்டுக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்த கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று. அந்தப் பால்மரங்கள் சிலவற்றின் ஊடேதான் இன்றைய பாதைகள் போகின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.)

மேனுவல் கற்பதில் உள்ள சிக்கல் பயம். பின்சக்கரத்தின் மேல் சமநிலை கிடைக்கும் இடம், பின்னால் மல்லாந்து விழும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால்தான் இருக்கிறது. உடம்பு அங்கே போக மறுக்கும். முன்சக்கரம் ஓரடி எழுந்ததுமே நெஞ்சு தானாக முன்னுக்கு வந்துவிடும், சக்கரம் பொத்தென்று விழும். திடலில் ஒரு மணி நேரம் முயன்றாலும் அந்தச் சமநிலைப் புள்ளியில் நாம் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம்கூடத் தேறாது. இரண்டு முறை முதுகு அடிபட்டதும் “இதெல்லாம் பிறவியிலேயே வரணும்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இந்தப் ‘பிறவித் திறமை’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சிலம்பம் கற்பவரை ஆசான் முதல் நாளே சண்டைக்கு இறக்குவதில்லை. காலடி தனியாக, கம்பு சுற்றுவது தனியாக, பிறகுதான் இரண்டும் சேரும். மிதிவண்டிக்கும் அதே முறை பொருந்தும். விழும் பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முன்பின் சமநிலையை மட்டும் தனியாகப் பழக ஒரு மரச்சட்டம் போதும்.

வெளிநாடுகளில் இதை ஆயத்தமாகவே விற்கிறார்கள். வாங்க வேண்டிய அவசியமில்லை. பழைய பேலட் கட்டைகளும் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய போல்ட்டுகளும் கொண்டு நாங்கள் நால்வர் ஒரு சனிக்கிழமையில் செய்து முடித்தோம். செலவு 60 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. இதற்குப் ‘பழகுசட்டம்’ என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். தமிழ் படிக்கும் நண்பர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ச்சியுடன் மாற்றிக்கொள்வேன்.

பேலட் எடுக்கும்போது அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் பதப்படுத்தியது, வேண்டாம். இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஆறடி. அவற்றை இணையாக வைத்து நடுவில் டயர் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும். 2.25 அங்குல டயருக்கு 65 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. அடியில் 90 சென்டிமீட்டர் நீளக் குறுக்குக் கட்டைகள் நான்கு: இரு முனைகளிலும் ஒவ்வொன்று, மற்ற இரண்டும் பின்டயரின் முன்னும் பின்னும் நெருக்கி, சக்கரம் உருளாதபடி. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் டயரை இருபுறமும் அணைக்கும்படி முழங்கால் உயரத்தில் இரண்டு தூண்கள். தூண்களை அச்சுக்கு நேராக வைத்தால் கியர் மாற்றி மரத்தில் உரசும், அதனால்தான் பின்னால் தள்ளி வைக்கச் சொல்கிறேன். முன்சக்கரம் வந்து இறங்க முன்முனையில் ஒரு பலகை. இவ்வளவுதான் சட்டம். ஆணி அடிக்கவே கூடாது. மேலும் கீழும் ஆடுகிற ஆட்டத்தில் ஆணி கழன்றுவிடும். போல்ட்டும் நட்டும்தான் நிற்கும்.

இரண்டு விஷயங்களில் கஞ்சத்தனம் ஆகாது. ஒன்று, சட்டத்தின் வால். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் குறைந்தது இரண்டடி நீள வேண்டும். இல்லையென்றால் மிதிவண்டியோடு சட்டமும் சேர்ந்து மல்லாந்துவிடும். மற்றொன்று வார். லாரியில் சாமான் கட்டுகிற நல்ல வாரை வாங்கி, சட்டத்தின் முன்முனையிலிருந்து கைப்பிடிக்குக் கீழுள்ள குழாயில் கட்ட வேண்டும். முன்சக்கரம் எவ்வளவு உயரம் எழலாம் என்பதை இந்த வார்தான் முடிவு செய்கிறது. முதல் வாரம் முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தளர்த்தலாம். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் முடிச்சை இழுத்துப் பாருங்கள். தலைக்கவசம் கட்டாயம், நின்ற இடத்தில்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

ஏறியதும் கையை மடக்கி இழுப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. கை நீட்டியே இருக்க வேண்டும். இடுப்பைக் கீழே இறக்கிப் பின்னுக்குத் தள்ள வேண்டும், எழுத்தில் சொன்னால் ‘ட’ போல. கால்கள் பெடலை முன்னுக்கு உந்தும். வார் இறுகும் முன்பாகவே முன்சக்கரம் காற்றில் மிதப்பது போல் நிற்கும் ஓரிடம் வரும். அங்கே நான்கு விநாடி, ஐந்து விநாடி இருக்கலாம். திடலில் ஒரு மாதத்தில் கிடைக்காத அனுபவம் சட்டத்தில் ஒரு மாலையில் கிடைக்கிறது என்பதே என் வாதம்.

இதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தில் பழகியவன் பாதையில் விழுவான் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. டயரை இருபுறமும் தூண்கள் பிடித்திருப்பதால் இடவலச் சமநிலையைச் சட்டம் கற்றுத்தராது. அதைவிடப் பெரிய குறை பிரேக்கில் இருக்கிறது. ஓடும் வண்டியில் பின்பிரேக்கை அழுத்தினால் தரையில் டயருக்கு ஏற்படும் தடை, பின்னால் சாய்ந்த உடலையும் வண்டியையும் முன்னுக்குச் சுழற்றும். முன்சக்கரம் உடனே இறங்கும். மல்லாந்து விழாமல் காப்பது அந்த ஒரு விரல்தான். நின்றுகொண்டிருக்கும் சட்டத்தில் ஓட்டமே இல்லாததால் பிரேக் அந்த வேலையைச் செய்யாது. விரலைப் பிரேக்கின் மேல் வைத்திருக்கும் பழக்கத்தைத்தான் சட்டத்தில் ஏற்படுத்திக்கொள்ள முடியும். பிரேக் என்ன செய்யும் என்பதை ஓடும் வண்டியில்தான் உடம்பு அறியும். லாஜாக் பையன்கள் முதலில் கழற்றி எறிவதும் இந்தப் பிரேக்கைத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சட்டத்தைக் குறை சொல்வதைவிட, அது எங்கே முடிகிறது என்று தெரிந்து பயன்படுத்துவதே சரி. நம் மொழிக் கழகங்களின் விளையாட்டு விழா என்றால் காற்பந்து, கபடி, கயிறு இழுத்தல் என்று நின்றுவிடுகிறது. விடுதியின் மிதிவண்டிக் கொட்டகையில் இப்படியொரு சட்டம் கிடந்தால், ஒரே ஒரு வண்டியை வைத்து இருபது பேர் முறைபோட்டுப் பழகலாம். எங்கள் சட்டத்தில் ஏறிப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக மிதிவண்டியே இல்லை. சாலையில் நாலு பேர் பார்க்க இதை முயலத் தயங்கும் மாணவிகளும் ஏறினார்கள். அவர்களில் ஒருவர்தான் இன்றுவரை எங்களில் அதிக நேரம் சமநிலையில் நின்றவர். விடுதிக் காப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். வண்டியை ஒரு முறை ஏற்றி, வார் எப்படிப் பிடிக்கிறது என்று நேரில் காட்டினால் மறுப்பது கடினம்.

சட்டத்தில் ஐந்து விநாடி நிற்க வந்துவிட்டதா, அடுத்தது புல்தரை. சாலையோ சிமெண்டுத் தரையோ வேண்டாம். மழை விட்டு ஈரம் காய்ந்த திடல், நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல் வேகம், இருக்கை முழுவதும் தாழ்த்தியிருக்க வேண்டும். முதல் நாள் தூரம் போக முயல வேண்டாம். முன்சக்கரத்தைத் தூக்கியதும் பின்பிரேக்கைத் தொட்டு இறக்குவதை மட்டும் இருபது முறை செய்யுங்கள்.