வார்த்தைப் பட்டியல் யாருக்காக?



முதலமடை மாந்தோப்பு ஒன்றில் கூலி வேலை செய்யும் நம் தோழர் ஒருவர், இருபது வருடமாகக் குடியிருக்கும் மனைக்குப் பட்டயம் கேட்டு மனுப் போட்டார். ஓர் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டினான்: "அவகாசம் தெளியிக்குந்ந ரேக 15 திவஸத்தினகம் ஹாஜராக்கணம்."

தோழர் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள்: அவகாசம், பதினைந்து. 15 நாள் அவகாசம் சொல்லியிருக்கிறார்கள், பிறகு கூப்பிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை! உரிமையைக் காட்டும் ஆவணத்தை 15 நாளுக்குள் கொண்டு வா என்பதே அந்தக் கடிதம். பதினாறாம் நாள் மனு தள்ளுபடி.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் இரண்டு விதமான உபதேசம் கிளம்பியது. "வந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டு வாயை மூடிப் பிழைக்க வேண்டியதுதானே?" என்றார் ஒருவர். "தமிழனுக்கு மலையாளம் எதற்கு?" என்றார் மற்றவர். முன்னது அடிமைப் புத்தி. பின்னது வீறாப்பு, மேடையில் கைதட்டு வாங்கும், தள்ளுபடியான மனுவை மீட்காது.

மொழியைக் கற்போம். ஆனால் எந்த வாக்கியங்களைக் கற்பது? கேள்வியே அதுதான்.

ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ச் சொற்புத்தகம் அச்சானது. தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள எழுதியது. அதன் பெயர் என்ன தெரியுமா? "இங்கே வா"! பெயரே அதட்டல். கென்யாவில் குடியேறிய வெள்ளைக்காரனும் இப்படித்தான் சுவாஹிலி கற்றான். "லேட்டே" என்றால் கொண்டு வா. "ஞ்ஜோ" என்றால் வா. ஏவுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மொழி! அதே சுவாஹிலியில்தான் பக்கத்துத் தங்கனீக்கா மக்கள் "உஹூரு", அதாவது விடுதலை என்று முழங்கி, 1961இல் சுதந்திரம் பெற்றார்கள். சொல் ஒரே மொழிச் சொல்தான். வாக்கியத்தை யார் அமைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நம் பிள்ளைகள் முதலில் கற்கும் மலையாளம் என்ன? "சேட்டா, பணி உண்டோ?" கெஞ்சும் வாக்கியம் மட்டும் தெரிந்தவன் கடைசிவரை கெஞ்சிக்கொண்டே இருப்பான். ஆகவே நாங்கள் வேறொரு பட்டியல் தருகிறோம். வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்.

அவகாசம்: உரிமை. "இது ஞங்ஙளுடெ அவகாசமாணு." இது எங்கள் உரிமை.

அவசரம்: வாய்ப்பு. "ஸம்ஸாரிக்கான் அவசரம் தரணம்." பேச வாய்ப்புத் தர வேண்டும்.

மொழி: வாக்குமூலம். "மொழி வாயிச்சு கேள்ப்பிக்கணம்." எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட வேண்டும்.

குடிச்சிக: பாக்கி. "கூலிக் குடிச்சிக தரணம்." கூலி பாக்கியைத் தர வேண்டும்.

அபேக்ஷ: விண்ணப்பம். "அபேக்ஷக்கு ரசீது தரணம்." விண்ணப்பத்துக்கு ரசீது தர வேண்டும்.

நிரஸிச்சு: தள்ளுபடி செய்தோம். "நிரஸிச்ச காரணம் எழுதித் தரணம்." தள்ளுபடி செய்த காரணத்தை எழுதித் தர வேண்டும்.

முதல் மூன்றையும் பாருங்கள். நம் வீட்டுச் சொற்கள் போலவே ஒலிக்கும். அங்கேதான் ஆபத்து! தெரியாத சொல் வந்தால் யாரையாவது கேட்போம். தெரிந்த மாதிரி ஒலிக்கும் சொல்லை நம்பிக் கைநாட்டு வைத்துவிடுவோம்.

சொல்லைக் கற்பது நம் வேலை. சட்டத்தை மதிப்பது அரசின் வேலை. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை வகுத்தபோது எல்லையோரத்துக் கூலிக்காரனை யாரும் கேட்கவில்லை. ஆயினும் குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, ஏட்டில் உள்ள சட்டம்!

நாமும் ரயில்வே சீட்டு ஜன்னலுக்குள் உட்காரும் ஆள்தான். உள்ளே இருப்பவனுக்கு அரை நிமிட அலுப்பு. வெளியே நிற்பவனுக்கு ஒரு நாள் கூலி. அதை அறிந்தே சொல்கிறோம். மலையாளத் தொழிலாளி நமக்குப் பகைவன் அல்ல. அலுவலகக் கடித நடை அவனையும்தான் திணறடிக்கிறது. பட்டியல் தயாரிக்க அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வந்த கடிதங்களிலிருந்து பத்துச் சொற்களை எழுதி அனுப்பட்டும். அடுத்தடுத்த இதழ்களில் அச்சிடுவோம்.

படித்துக் காட்டாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதே!
தமிழில் கொடு மனுவை! தமிழில் கேள் பதிலை!