உள்ளே உருவாக்காதீர்கள், வெளியிலிருந்து கொடுங்கள்



கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நம் பிள்ளைகள் புரோகிராம் எழுதுகிறார்கள், மாஷா அல்லாஹ். எழுதியதைச் சோதிக்கத்தான் ஆசிரியர்களாகிய நாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஸகாத் கணிக்கும் மென்பொருள் ஒன்றை எடுப்போம். அதன் சேர்விஸ் கிளாஸ் தங்க விலையை இணையத்தில் தானே போய் எடுக்கிறது. இன்று பாஸான டெஸ்ட், விலை மாறினால் நாளை பெயில். சிக்னல் போனாலும் பெயில். பிழை கணக்கிலா, இணையத்திலா? யாருக்கும் தெரியாது.

விலை தரும் பகுதியைக் கொன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து கொடுங்கள். டெஸ்டில், கிராம் 50,000 ரூபா என்று மட்டும் சொல்லும் போலிப் பகுதியொன்று போதும். தங்க நிஸாப் 85 கிராம் என்றால் எல்லை 42.5 இலட்சம். சேமிப்பு 50 இலட்சமென்றால் ஸகாத் 125,000. 40 இலட்சமென்றால் பூச்சியம். என்றைக்கும் இதே விடை.

இதன் பெயர்தான் டிபென்டன்சி இன்ஜெக்ஷன். பெயரைக் கேட்டதும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஸ்ப்ரிங் கொன்டெய்னர் முழுவதையும் கிளப்புகிறோமே, அது வீண் வேலை. எல்லாம் சேர்ந்து இயங்குகிறதா என்று பார்க்கும் ஓரிரு டெஸ்டுக்கு அதை வைத்துக்கொள்வோம்.

சோதிக்காத கணக்கை நம்பி மக்கள் ஸகாத் கொடுக்கட்டும் என்று விடுவதா அமானிதம்?