கட்டாத அறைக்கு ஒரு படம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இன்று நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் 'இன்டீரியர் ரெண்டரிங்' கற்கிறார்கள். இன்னும் கட்டாத ஓர் அறையை, சன்னல் வெயிலும் சுவரின் நிழலும் உட்பட, கட்டி முடித்ததுபோலக் கணிப்பொறியில் படமாக்கிக் காட்டும் கலை அது. படிக்கும்போதே நாலு காசு பார்க்கலாம் என்பதுதான் பலருக்கும் முதல் ஈர்ப்பு. அதில் குற்றமில்லை, நம்போன்றோர் வீட்டில் காசு பார்ப்பதும் படிப்பில் ஒரு பகுதியே. ஆனால் அவர்கள் தொடங்குகிற இடம் சரியன்று என்பது என் கருத்து.

எங்கே தொடங்குகிறார்கள்? பளபளக்கும் தரை, அயல்நாட்டுச் சோபா, கூரையிலிருந்து தொங்கும் விளக்கு ஆகியவற்றை ஆயத்தமாக இறக்கி அடுக்குவதில்! அறையின் நீள அகலம் என்ன, சன்னல் எத்திசை நோக்கியது என்று கேட்டால் விடை வராது. படம் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகை நம்பி ஒருவர் வங்கியில் கடன் வாங்குவாரே, அங்கேதான் சங்கடம்.

என் அப்பா கொத்தனார். சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டுக்காரர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஏன் மேஸ்திரி, ஹால் இந்த மாதிரி விசாலமா வரலையே?" என்று அவரைக் கேட்டாராம். பத்துக்குப் பன்னிரண்டு அறை அது. வரைபடத்தில் உள்ள அளவுக்கு ஓர் அங்குலம் குறையாமல் கட்டியிருந்தார்கள். படம் போட்டவர் யாரோ. பதில் சொல்ல வேண்டியவர் கரண்டி பிடித்தவர்! அப்படத்தை நானும் பார்த்தேன். அறையை யாரும் சுருக்கவில்லை. படத்தின் கேமராதான் விரித்திருந்தது. 36 மில்லிமீட்டர் அகலச் சட்டத்துக்கு 50 மில்லிமீட்டர் குவியத்தூரம் வைத்தால் பார்வைக் கோணம் ஏறக்குறைய 40 பாகை. குவியத்தூரத்தை 18 ஆக்கினால் கோணம் 90 பாகை. எதிர்ச்சுவர் எங்கோ போய்விடும். சிற்றறை கல்யாண மண்டபமாகிவிடும். சிறிய அறையைக் காட்டச் சற்று விரிந்த கோணம் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் தரைப்படத்தையும் அளவோடு வைத்துக் கொடுக்கலாம் அல்லவா?

வெயிலின் கதையும் இதுவே. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 54 பாகை உயரத்தில் நிற்பதால் தெற்குச் சன்னலில் வெயில் நுழையும். ஜூன் நண்பகலிலோ உச்சியிலிருந்து வடக்கே 10 பாகைதான் சாயும். வடக்குச் சன்னலின் சன்ஷேடே அதை மறித்துவிடும். கோடைக் காலை மாலைகளில் ஒருக்களித்து எட்டிப் பார்க்கும், அவ்வளவே. ஆனால் படங்களில் வடக்குச் சன்னல் வழியே ஆண்டு முழுவதும் பொன்வெயில் பாய்ந்து நடு அறைவரை வருகிறது!

இயற்பியலும் கணிதமும் பயில்வோர்க்கு இக்கலை அந்நியமன்று. சாய்வாக விழும் ஒளி ஒரு பரப்பை எவ்வளவு ஒளிரச் செய்யும் என்ற கொசைன் விதியை லாம்பர்ட் 1760-இலேயே எழுதிவிட்டார். ஒரு சுவரில் பட்ட ஒளி அடுத்த சுவருக்குத் தாவுவதைக் கணிக்கும் முறையை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1984-இல் வெளியிட்டனர். அதை அவர்கள் எடுத்துக்கொண்டது வெப்பம் பரவும் பாடத்திலிருந்து! அவர்களுடைய சோதனை அறை நிறச்சுவர்கள் கொண்ட ஒரு வெறும் பெட்டி. சோபா இல்லை, தொங்கும் விளக்கு இல்லை. சிவப்புச் சுவரின் சாயல் பக்கத்து வெள்ளைச் சுவரில் படிந்து தெரிந்ததே வெற்றி. 1986-இல் ஜேம்ஸ் கஜியா இந்தப் போக்குவரத்தை ஒரே சமன்பாட்டில் அடக்கினார். இன்றைய மென்பொருள்கள் பலவும் அதற்குத்தான் குலுக்கல் முறையில் தோராய விடை காண்கின்றன. படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால், அவற்றைப் பாதியாக்க நாலு மடங்கு மாதிரிகள் வேண்டும். புள்ளியியல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த அதே வர்க்கமூலம்!

ஆகவே புதிதாகக் கற்பவர் தம் வீட்டு அறையிலேயே தொடங்கட்டும். அது ஒரே அறையாய், ஒரே ட்யூப்லைட்டுடன் இருந்தாலும் சரி. டேப்பை எடுத்துக் கதவின் உயரம், சுவரின் கனம், சன்னல் தரையிலிருந்து எத்தனை அடி என்று அளக்கட்டும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வெளிச்சம் எங்கே விழுகிறதென்று தரையில் சாக்குக்கட்டியால் குறிக்கட்டும். பிறகு அதே அறையைக் கணிப்பொறியில் எழுப்பிப் புகைப்படத்தோடு ஒப்பிட்டால், சரியும் பிழையும் தானே தெரியும். சுவருக்கு நூற்றுக்கு நூறு வெண்மை கொடுத்தால் படம் வெளிறிப்போகும். புதிதாய் வெள்ளையடித்த சுவர்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒளியை விழுங்கிவிடுகிறது. பரணும் கொடிக்கயிறும் படத்தில் வந்தால் வரட்டுமே!

"ஒரு வரி தட்டினால் செயற்கை நுண்ணறிவே அறையைத் தீட்டித் தருகிறதே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தரும். அந்தச் சுவருக்குள் தூண் இருப்பதையும், பீம் எவ்வளவு கீழிறங்குகிறது என்பதையும் நாம் அளந்து சொன்னாலொழிய அது அறியாது.

ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டத் தேவையில்லை. பிளெண்டர் என்னும் மென்பொருளை அதன் அன்பர்கள் 2002-இல் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மீட்டு, எல்லோர்க்கும் பொதுவாக்கினர். இன்றும் காசின்றிக் கிடைக்கிறது. இல்லாதது கணிப்பொறிதான். நம் கல்லூரி ஆய்வகத்தை வாரம் இரண்டு நாள் மாலை ஆறு மணிவரை திறந்து வைக்க ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்யவேண்டும். முதற்பாடமாக நம் நூலக வாசிப்பறையையே எடுத்துக்கொள்ளலாம். டேப்பும் தூக்குக்குண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நான் கொண்டு வருகிறேன்.