குமிழி விட்டா போதுமா?

போன லீவுக்கு கொழிஞ்சாம்பாறை போயிருந்தப்ப, பெரியப்பா மூச்சுத் திணறல்னு ஒரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். மூக்குல சின்னக் குழாய், நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன். செவுத்துல தண்ணி பாட்டில் கொளகொளன்னு குமிழி விட்டுட்டு இருந்தது. "நல்லா போகுது பாரு"ன்னு பெரியம்மாவுக்கு நிம்மதி.

எனக்கு நிம்மதி போச்சு. "சேச்சி, இது எந்தத் தண்ணி?" "பைப்புத் தண்ணி தான். எதுக்கு?"

மஸ்கட்ல ஐ.சி.யூ.ல வேலை பாக்கறவன்ங்கற உரிமையில சொல்றேன் மக்களே, இது அநியாயம்!

ஆக்சிஜன் எலும்பு மாதிரி காய்ஞ்ச வாயு. ஆனா நுரையீரலுக்குள்ள போற காத்து 37 டிகிரி சூட்டுல, லிட்டருக்கு 44 மில்லிகிராம் ஈரத்தோட இருக்கணும். அந்த வேலையைச் செய்யறது நம்ம மூக்கு. 2 லிட்டர் போறவருக்கு மூக்கே போதும், பாட்டிலே வேண்டாம். இந்தக் குமிழி பாட்டிலால பெருசா பலன் இல்லை, தொற்று அபாயம்தான் இருக்கு, பயன்படுத்தாதீங்கன்னு பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2017லயே எழுதிடுச்சு.

ஈரம் நிஜமா யாருக்கு வேணும்? மயக்க மருந்து குடுத்தோ வென்டிலேட்டர்லயோ தொண்டைக்குள்ள ட்யூப் போட்டவங்களுக்கு. அங்க மூக்குக்கு வேலையே இல்லை. ஈரம் குடுக்கலைன்னா சளி இறுகி ட்யூபையே அடைச்சிடும். அதுக்குத்தான் 'செயற்கை மூக்கு'ங்கற ஃபில்டர், இல்லைன்னா சூடு பண்ற ஹியூமிடிஃபயர். செலவு மிச்சம்னு அந்த ஃபில்டரை மாத்தாம நாள் கணக்கா ஓட்டறதையும் பாத்திருக்கேன். வேணுங்கற இடத்துல கஞ்சத்தனம், வேண்டாத இடத்துல குமிழி!

2021ல நம்ம கஞ்சிக்கோடு ஆக்சிஜன் வாளையார் தாண்டிப் போச்சுன்னு பெருமைப்பட்டோம். சரிதான். அதே வருஷம் கருப்புப் பூஞ்சை வந்தப்ப, ஹியூமிடிஃபயர்ல சுத்தமான, கிருமி நீக்கின தண்ணி ஊத்தச் சொல்லி ஐ.சி.எம்.ஆர். அறிவுரை குடுத்துச்சு. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் அதுக்குப் பெரிய காரணம், ஒத்துக்கறேன். அதுக்காக பைப்புத் தண்ணி தீர்த்தம் ஆயிடுமா?

வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பறோம், எத்தனை சிலிண்டர்னு கேக்கறோம். இனிமே போன்ல இதையும் கேளுங்க: பாட்டில் அவசியமா? என்ன தண்ணி? ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?

சேச்சி முறைச்சாங்க. ஆனா டாக்டர் வந்து பாட்டிலைக் கழட்டச் சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி பெரியம்மா என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க: "சத்தமே இல்லையேடா, ஆக்சிஜன் வருதா?"

இவங்களுக்கு யாரு புரிய வைக்கறது?