ஆவியாய் வரும் ஆபத்து

பெற்றோல் நிரப்பு நிலையத்தைக் கடக்கும்போது மூச்சை ஆழ இழுத்து, "என்ன வாசனை!" என்று மகிழும் பிள்ளைகள் பலர் உளர். பெரியவர்களிலும் அந்த மணத்தை விரும்புவோர் உண்டு. அதன் காரணத்தை இரசாயனம் கற்கும் மாணவர் அறிவர். பெற்றோலிலே பென்சீன், தொலுயீன் முதலிய சேர்வைகள் கலந்துள்ளன. அவற்றின் மணம் பற்றியே முன்னைய விஞ்ஞானிகள் அவ்வினம் முழுவதற்கும் மணத்தைக் குறிக்கும் பெயரை இட்டனர். ஆயினும், மூக்குக்கு இனியது உடலுக்கும் இனியதாதல் வேண்டும் என்ற நியதி எதுவுமில்லை. பென்சீன் மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

எரிபொருளின் ஆவி மனிதரை எவ்வாறு தாக்குகின்றது என்பதைத் துலாம்பரமாகக் காட்டும் இடம் மோட்டார்ப் பந்தயத் திடலாகும். நம் நாட்டிலே களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையும், தமிழ் நாட்டிலே சென்னையை அடுத்த சோழவரமும் இத்தகைய பந்தயங்களுக்குப் பேர்பெற்றவை. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் திடல் சோழவரத்தின் இடத்தைப் பெற்றது. இப்பந்தயங்களில் ஒருவகை, வளைவேயில்லாத நேர்ப்பாதையில், ஏறத்தாழ 402 மீற்றர் தூரத்தை யார் முந்திக் கடப்பது என்பதாகும். சாதாரண வண்டிகள் பெற்றோலிலேயே ஓடுகின்றன. அமெரிக்காவில் ஓடும் அதிவேக வண்டிகளுக்கோ நைத்திரோமீதேன் என்னும் திரவத்தோடு மெதனோலைக் கலந்து ஊற்றுகின்றனர். நைத்திரோமீதேன் தன்னுள்ளேயே ஒட்சிசனைக் கொண்டிருப்பதால், இயந்திரம் அளவு கடந்த வலுவைப் பெறுகின்றது.

அந்த வலுவுக்கு விலை உண்டு. புகைக் குழாய்களிலிருந்து நைத்திரிக்கமில ஆவி வெளிப்படுகின்றது. அருகில் நிற்போரின் கண்கள் எரிந்து நீர் சோரும், தொண்டை அடைக்கும், மார்பு இறுகும். இயந்திரத்தைச் சூடேற்றும் வேளையில் அதனைச் சூழ்ந்து நிற்கும் தொழிலாளர் முகமூடி அணிவது இதனாலேயாம். மெதனோலோ தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலிற் புகக்கூடியது. உள்ளே சென்றபின் அது போமிக்கமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். இவற்றோடு, மணமும் நிறமும் அற்ற காபனோரொட்சைட்டு வாயுவும் சேருகின்றது. இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்லாதவாறு அது தடுத்துவிடும். தலைவலியும் மயக்கமும் அதன் முதல் அறிகுறிகள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வண்டியை ஓட்டுபவன் சில விநாடிகளில் அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுகிறான். வண்டியைப் பழுதுபார்ப்பவன், எரிபொருளை ஊற்றுபவன், திடலின் ஓரத்தில் வாழும் குடும்பத்தார் ஆகியோரே நாள்தோறும் அந்தக் காற்றைச் சுவாசிக்கின்றனர். ஓடுபவனிலும் நிற்பவனுக்கே கேடு அதிகம்.

ஈயம் கலந்த பெற்றோலின் வரலாறு இதற்குச் சான்று. 1921 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்வை ஒன்றைப் பெற்றோலிற் கலந்தால் இயந்திரம் அதிராமல் ஓடும் என்று கண்டார். 1924 இல் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள ஆலை ஒன்றில் அச்சேர்வையின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் சித்தம் கலங்கினர், ஐவர் மாண்டனர். அவ்வாறிருந்தும் ஈயப் பெற்றோல் உலகெங்கும் பரவியது. இலங்கையில் அது 2002 இல் நிறுத்தப்பட்டது; உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021 இல் கைவிட்டது. அமெரிக்காவின் பெரிய பந்தயக் கழகமொன்று 2007 ஆம் ஆண்டிலேதான் ஈயமற்ற எரிபொருளுக்கு மாறியது. அதன் பின்னர், திடல்களை அண்டி வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்ததென்றும், முதியோரின் இறப்பு வீதமும் தாழ்ந்ததென்றும் ஆராய்ச்சியாளர் கண்டனர். அப்பிள்ளைகளும் முதியோரும் பந்தயத்தில் ஓடியவர் அல்லர், அயலில் இருந்தவரே.

நம் குறிஞ்சிப்பிட்டியிலே பந்தயத் திடல் இல்லை. ஆயின், எரிபொருள் நாறாத நாளும் இல்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு என அமைந்த இக்கற்பிட்டிக் குடாவில், படகு ஓடினாற்றான் பலர் வீட்டில் உலை கொதிக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்கள் முதலிற் பெற்றோலால் முடுக்கப்பட்டுப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன. மெதுவாக ஓடும்போது எண்ணெயின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறும். மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களின் நிலையும் பெரிதும் வேறன்று. 1990 களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் முடுக்கி, மண்ணெண்ணெயிலே மோட்டார் வண்டிகளை ஓட்டிய காலத்தையும், அந்தப் புகையையும் மறவாதோர் பலர்.

புகையிலும் கொடிய வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. கலனிலிருந்து எண்ணெயை மாற்றும்போது, "தம்பி, குழாயை ஒருதரம் உறிஞ்சிவிடு" என்று வீட்டுச் சிறுவனை ஏவுகின்றோம். வாயிற் பட்டதைத் துப்பிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகின்றோம். மண்ணெண்ணெயும் பெற்றோலும் வயிற்றுக்குச் செல்வதிலும் நுரையீரலுக்குச் செல்வதே பேராபத்து. நீரிலும் எளிதாகப் பரவும் இத்திரவங்கள், புரையேறிய மாத்திரத்தே நுரையீரலுள் விரிந்து அழற்சியை உண்டாக்கும். சில மணி நேரத்துள் இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் தோன்றலாம். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீரென எண்ணிக் குழந்தை குடித்தாலும் இதே கதிதான். அவ்வேளையில் வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. வாந்தியோடு எண்ணெய் மீண்டும் நுரையீரலைச் சேரும். காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது.

தடுப்பதற்கோ பெரும் பணம் வேண்டியதில்லை. கையால் அழுத்தும் றப்பர்க் குமிழ் பொருத்திய குழாய் ஒன்று போதும். உறிஞ்சும் வழக்கம் அன்றே ஒழியும். எரிபொருட் கலனை மூடி, படுக்கையறைக்கும் அடுப்பங்கரைக்கும் புறம்பாக வைத்தல் வேண்டும். எஞ்சினைப் பூட்டிய கொட்டிலுள் ஓட்டிப் பார்க்கலாகாது; காற்றோட்டமுள்ள வெளியிலேயே ஓட்டுதல் வேண்டும். காற்று வரும் பக்கமாக நின்று எண்ணெய் ஊற்றுதல் நன்று. எண்ணெய் பட்ட உடையை உடனே களைந்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். பெற்றோலாற் கை கழுவுதல் ஒருபோதும் ஆகாது. "இப்போது மணக்கவில்லையே" என்று துணிதலும் தவறு. சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும். ஆவி அங்கேயேதான் இருக்கும்.

பந்தயக்காரன் ஆபத்தை அறிந்தே ஏற்கிறான்; வென்றால் அவனுக்கு வெற்றிக் கிண்ணமாவது உண்டு. தந்தை சொன்னார் என்பதற்காகக் குழாயை வாயில் வைக்கும் சிறுவன் எதனையும் அறியான். அவனைக் காக்கும் கடமை வீட்டிலுள்ள பெரியோருடையது. அடுத்தமுறை படகுக்கு எண்ணெய் ஊற்றுமுன் அந்தக் குமிழ்க் குழாயை வாங்கி வையுங்கள்.