கல்லுக்குள் ஒரு வாயில்

கோபிநத்தத்தை அடுத்துள்ள காவிரிக்கரைப் பாறைகளில் தொல்லுயிர்ச் சின்னம் தேடுவது வீண். அவை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. ஆற்றோடு கிழக்கே இறங்கித் திருச்சிக்கு வடகிழக்கேயுள்ள கல்லக்குடியை அடைந்தால் நிலைமை வேறு. அங்கே 10 கோடி ஆண்டுகட்கு முன் கடல் இருந்தது. அதன் சேறு இறுகிய சாம்பல்நிறக் களிக்கல்லில், கண்ணுக்குப் புலப்படாத நுண்கூடுகள் உள்ளன.

அவற்றைக் கட்டியவை டைனோபிளாஜெல்லேட்டுகள். இரு சாட்டை இழைகளால் சுழன்று நீந்தும் இந்நுண்ணுயிர்களுட் சில, உறங்குங்காலத்தில் உறுதியான கூட்டினுள் ஒடுங்கும். விழித்ததும் சுவரில் ஒரு துண்டைத் திறந்து வெளியேறும்.

ஒலிகோஸ்பேரிடியம் காம்ப்ளெக்ஸ் என்னும் இனத்தைக் காண்போம். அதன் உடல் உருண்டை. அதைச் சூழ்ந்து, நுனி விரிந்த குழல்முட்கள் நிற்கும். உயிரின் கவசத் தகடு ஒவ்வொன்றிற்கும் ஒரு முள். இடைப்பள்ளத்தில் முள் இல்லை. வாயில் உச்சியில் அமைந்தது.

1830-களில் எரன்பெர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் இத்தகைய கூடுகளைக் கண்டு, பசும்பாசியினம் எனக் கருதினார். பின்னர் அவை நெடுங்காலம் குலமறியா முட்கோளங்களாகவே கிடந்தன. 1961-இல் அமெரிக்கரான எவிட், கூட்டிலுள்ள துளை தற்செயலான உடைவன்று, கவசத் தகட்டிற்கு இசைந்த வாயிலே என நிறுவினார். குலமும் தெளிந்தது.

இன்று காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவோர்க்கு இக்கூடுகள் பாறையின் வயதைச் சொல்கின்றன. குடிபெயர்ந்த உயிர் திறந்துவிட்டுப் போன வாயிலே அதன் குலத்திற்குச் சான்றாயிற்று!